குறை போனில் இல்லை

வேண்டாத பொருளை வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தைப்பிங் நகரத்து மிஸ்கோன் நம்பியிருந்தார். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எரிகிற வீட்டின் முன்னால் நின்றுகொண்டு 'உள்ளே ஆள் இருக்கா' என்று கேட்டால், 'இருக்கு', 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் வரும். அப்படிப்பட்ட உலகத்திலேயே காலம் தள்ளியவர் என்பதால், 'வேண்டாம்' என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

பொருள் ஒரு கைப்பேசி. ஜொகூர் பாருவில் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகள் சுஹைலா நச்சரித்ததால் வாங்கியது. வாங்கிய அன்று சாயங்காலமே வீட்டுத் தொலைபேசியிலிருந்து மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு அபா," என்றாள் மகள். "இனிமே முகத்தப் பாத்தே பேசிக்கலாம். பெருநாளைக்கு பஸ்ல இடிபட்டுக்கிட்டு ராத்திரி பூரா வர்ற வேலையும் மிச்சம்."

மிஸ்கோன் "ம்" என்றார். பெட்டியைக் குளிர்பெட்டியின் மேல் வைத்தார். சாப்பிட உட்கார்ந்தால் அது கண்ணில் பட்டது. திரும்பி உட்கார்ந்தார். முதுகில் பட்டது. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் ஆள் குரல் கேட்பது பெருநாள் விடுமுறையில்தான். மறுநாள் கடை திறக்கும் முன்பே பெட்டியும் கையுமாகக் கதவருகே நின்றார்.

கடைக்காரர் கியோங் நல்ல மனிதர். கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மறுத்தார்.

"கெட்டுப் போச்சா, பாக்சிக்?" என்று ஊர் வழக்கப்படி பெரியவரை மரியாதையாக அழைத்துக் கேட்டார்.

"இல்ல, தவுக்கே. பிரிக்கவே இல்ல," என்றார் மிஸ்கோன் முதலாளியிடம்.

"பிரிக்காம எப்படி வேணாம்னு தெரியும்?"

"அப்ப பிரிச்சிட்டு வரட்டா?"

"பிரிச்சா பழைய சாமான் ஆயிடும். பழைய சாமான நான் எப்படி வாங்குவேன்?"

"பிரிக்காம கொடுத்தா?"

"குறை இல்லாத சாமான திருப்பி வாங்குனா நான் குறை உள்ள சாமான் விக்கிறேன்னு ஊரு பேசும். என் நிலைமையையும் பாருங்க லா."

பெட்டியை மிஸ்கோன் பக்கமே தள்ளி வைத்தார். பிறகு கியோங்கே வழி சொன்னார். "மணிக்கூண்டுப் பக்கம் நுகர்வோர் ஆபீஸ் ஒண்ணு புதுசா தெறந்திருக்காங்க. அங்க போங்க. அவங்க கொடுன்னா கொடுத்துடறேன்."

நுகர்வோர் மனநிறைவு மேம்பாட்டு அலுவலகத்தில் மனநிறைவுக்கான ஏற்பாடுகள் எல்லாம் இருந்தன. குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. சுவரில், சிரிக்கிற குடும்பம் ஒன்று எதையோ வாங்கிக்கொண்டிருந்தது. மிஸ்கோன் எண்சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. ஆனாலும் அவருடைய எண் வருவதற்கு நேரம் பிடித்தது.

அதிகாரி நோரிசான் அம்மாள் உண்மையிலேயே உதவ நினைப்பவர். அந்த மாதத்துக்குத் தீர்த்துவைத்த புகார் ஒன்றாவது வேண்டும் என்று மேலிடம் கேட்டிருந்ததால் இன்னும் கூடுதலாகவே நினைத்தார்.

"சொல்லுங்க பாக்சிக். உடைஞ்சிருக்கா? சூடாவுதா? போலியா?"

"எதுவும் இல்ல, புவான். வேணாம், அவ்வளவுதான்."

நோரிசான் கணினியில் மேலும் கீழும் தேடினார். உடைந்தது, எரிந்தது, வெடித்தது, எடை குறைந்தது, காலாவதியானது எல்லாம் இருந்தன. 'வேண்டாம்' இல்லை.

"ஏன் வேணாம்னு சொன்னா எங்கயாவது சேத்துடலாம்."

மகள் பெருநாளுக்கு வரமாட்டாள் என்பதை வெடித்தது என்பதில் சேர்ப்பதா, காலாவதியானது என்பதில் சேர்ப்பதா என்று மிஸ்கோனுக்குத் தெரியவில்லை. "சும்மாதான்," என்றார்.

"சரி, ஒழுங்கா யோசிப்போம்," என்று நோரிசான் பேனாவை எடுத்தார். "போன்ல குறை இல்ல. நீங்களே சொல்றீங்க. கடைக்காரர் ஏமாத்தினாரா?"

"ச்சே, நல்ல மனுஷன்."

"அப்ப கடையிலயும் குறை இல்ல. ஆனா பரிவர்த்தனைல குறை இருக்கு. இல்லாட்டி நீங்க வந்திருக்க மாட்டீங்க. பரிவர்த்தனைன்னா போன், கடை, அப்புறம்..." அவர் தலையை நிமிர்த்தி மிஸ்கோனைப் பார்த்தார். பார்வையில் வருத்தம் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க பாக்சிக்."

மிஸ்கோன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தீப்பிடித்த இடத்தை இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள், எரியாத அறைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து.

'மேற்படி பரிவர்த்தனையில் குறை நுகர்வோரிடத்தில் உள்ளதாக முதற்கட்ட ஆய்வில் தெரியவருகிறது' என்று நோரிசான் பதிவு செய்தார். மனிதரிடம் குறை என்றால் அதிகாரி சொன்னால் மட்டும் போதாது, மருத்துவர் சொல்லவேண்டும் என்று விதி. மிஸ்கோன் மருத்துவ நிலையத்துக்குப் போனார்.

டாக்டர் வோங் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கட்டைவிரலை மடக்கி நீட்டச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. மேசைமேல் டாக்டரின் கைப்பேசி துடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மறுபடி துடித்தது. மறுபடி பார்த்தார்.

"போன் அடிக்கும்போது எடுக்கலேன்னா நெஞ்சு படபடன்னு இருக்குமா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். முக்கியம்னா திரும்ப அடிப்பாங்க."

"அடிக்காதப்ப, அடிச்ச மாதிரி தொடைல ஏதாச்சும் துடிக்குமா?"

"அடிக்காதப்ப ஏன் துடிக்கணும்?"

டாக்டர் எழுதிக்கொண்டார். "வேற ஒருத்தர் காலைல என்ன சாப்பிட்டாருன்னு படம் பாக்கணும்னு தோணுமா?"

"யாரு அவரு?"

"யாராச்சும். தெரியாதவங்கன்னு வைங்க."

"தெரியாதவங்க சாப்பாட்ட நான் ஏன் டாக்டர் பாக்கணும்? பாவம், அவங்க சாப்பிடட்டும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு முற்றிய நிலையை அவர் பார்த்ததில்லை. ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டார். படுத்தவுடன் வந்துவிடும் என்றார் மிஸ்கோன். டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. 'இவரிடத்தில் கைப்பேசியின்பால் இயல்பாக இருக்கவேண்டிய நாட்டம் காணப்படவில்லை' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். மிஸ்கோன் வெளியே வரும்போது டாக்டரின் கைப்பேசி மறுபடி துடித்துக்கொண்டிருந்தது.

இத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஆனால் நோரிசான் கியோங்கை அழைத்துச் சான்றிதழைக் காட்டியபோது அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்.

"புவான், குறை இருந்தா ஒடனே பணத்தத் திருப்பிக் கொடுன்னு சட்டம் இல்லையே. மொதல்ல பழுதுபாக்கணும். முடியலேன்னாதான் திருப்பிக் கொடுக்கணும். என் கடை உத்தரவாதச் சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

நோரிசான் சட்டத்தைப் புரட்டினார். கியோங் சொன்னது சரியாக இருந்தது. "பாக்சிக், உங்கள மொதல்ல பழுதுபாக்கணும்," என்றார். "கவலப்படாதீங்க. செலவு கடைக்காரரோடது."

மூத்த குடிமக்களுக்கான கைப்பேசிப் பயிற்சி சமூக மண்டபத்தில் நடந்தது. மிஸ்கோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரித்தால் வழக்குப் பொருள் கெட்டுவிடும் என்பதால், அட்டையில் கைப்பேசிப் படம் ஒன்றை வரைந்து கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் தடவும்போது அவர் அட்டையைத் தடவினார். பயிற்றுநர் இளம்பெண், மரியாதை தெரிந்தவர். அட்டையில் படம் மாறாதபோதும் "நல்லா வருது பாக்சிக்" என்று ஊக்கப்படுத்தினார்.

கடைசி நாள் ஒரு சோதனை. "எல்லாரும் போனைக் கவிழ்த்து வைங்க. நான் சொல்றவரைக்கும் தொடக்கூடாது," என்றார் அந்தப் பெண். மண்டபம் அமைதியானது. முன்வரிசையில் ஒருவர் காதைச் சொறிந்தார். ஒரு மாது சால்வையைச் சரிசெய்வதுபோலக் கையை மெல்ல நகர்த்தினார். எங்கோ ஒரு கைப்பேசி முனகியது. அவ்வளவுதான், அத்தனை பேரும் பாய்ந்து தத்தம் கைப்பேசியை எடுத்தார்கள். பயிற்றுநரும் எடுத்தார். மிஸ்கோன் மட்டும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தவிர அனைவரும் தேறிவிட்டார்கள்.

'பழுது நீக்க இயலாதவர்' என்று அறிக்கை வந்தது. கியோங் பெட்டியை வாங்கிக்கொண்டு, முணுமுணுக்காமல் பணத்தைக் கொடுத்தார். "ஒங்கள மாதிரி நாலு பேர் இருந்தா நான் கடைய மூடிட்டு மீன் பிடிக்கத்தான் போகணும்," என்றார். இனி எந்தக் கடைக்காரரும் தெரியாமல் இவருக்கு விற்றுவிடக்கூடாது என்பதற்காக, நோரிசான் முத்திரையிட்ட ஓர் அட்டையும் கொடுத்தார். 'குறையுள்ள நுகர்வோர். இவரைக் கைப்பேசி வழியாகத் தொடர்புகொள்வது தடைசெய்யப்பட்டுள்ளது.'

கொடுத்த அட்டையை நோரிசான் உடனே விடவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு முறை படித்தார். அவருடைய கைப்பேசியில் மேலதிகாரியின் குழுவிலிருந்து செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"தடைன்னா, அவசரத்துக்குக்கூட கூப்பிட முடியாதில்ல பாக்சிக்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்கதானே புவான் எழுதினீங்க."

"ஆமா," என்றார் நோரிசான். "நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

'தைப்பிங் ஆடவருக்குக் குறை. மருத்துவர் உறுதி' என்ற செய்தி யார் யார் கைப்பேசி வழியாகவோ ஜொகூர் பாரு போய்ச் சேர்ந்தது. என்ன குறை என்று யாரும் அனுப்பவில்லை. கடையில் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும் மிஸ்கோனின் படம் மட்டும் இருந்தது. சுஹைலா வீட்டுத் தொலைபேசிக்கு அடித்துப் பார்த்தாள். மிஸ்கோன் அப்போது ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை, தலை கலைந்து, பஸ்ஸில் கசங்கிய உடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அபா, ஒங்களுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. உள்ள வா. பசியாற நாசி லெமாக் வாங்கிட்டு வரட்டா?"

"ஒண்ணும் இல்லையா? டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்காரு, எங்க ஆபீஸ்ல பூரா அத வச்சுப் பேசறாங்க. நல்ல போன ஏன் திருப்பிக் கொடுத்தீங்க?"

மிஸ்கோன் காலணியை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதப் பிரிச்சா நீ வரமாட்டேன்னு சொன்னியே."

சுஹைலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் கைப்பேசி அடித்தது. அவளுடைய மேலாளர். பேசி முடித்தாள். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை பேசி முடித்தாள். நான்காவது தடவை அடித்தபோது கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். தலையணை துடித்தது.

"அபா," என்றாள். "அந்த அட்டை எங்க கொடுக்கறாங்க?"

அந்தக் கேள்வியை அவள் மட்டும் கேட்கவில்லை. டாக்டர் வோங் ஏற்கெனவே தமக்குத் தாமே சான்றிதழ் எழுதிக்கொள்ளலாமா என்று சட்டம் விசாரித்திருந்தார். பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் வந்தார். மகனுடைய படிப்பு பற்றி நான்கு குழுக்களில் செய்தி வாங்கும் தாய்மார்கள் திரளாக வந்தார்கள். அலுவலக வாசலில் கூட்டம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. குறையற்றவர் என்று ஒப்புக்கொள்ள ஊரில் ஆள் இல்லை.

கூட்டத்தைக் கண்டு மேலிடம் மகிழ்ந்தது. மக்களின் வசதியைக் கருதி, குறையுள்ளோர் இனி நேரில் வந்து அல்லல்படத் தேவையில்லை, கைப்பேசி வழியாகவே விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. விண்ணப்பத்துக்குப் பழைய கைப்பேசிகள் ஒத்துழைக்கவில்லை. கியோங்கின் கடையில் ஒரே வாரத்தில் சரக்கு தீர்ந்தது. மிஸ்கோன் திருப்பிக் கொடுத்ததையும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

சுஹைலா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினாள். பதில் உடனே வந்துவிட்டது.

'தாங்கள் இவ்விண்ணப்பத்தைக் கைப்பேசி வழியாகப் பிழையின்றி நிரப்பியுள்ளீர்கள். ஆகவே தங்களிடம் குறை ஏதும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

ஊரில் எல்லாருக்கும் இதே மகிழ்ச்சிதான் வந்தது. நிரப்பத் தெரியாமல் விழித்தவர்களுக்கு எதுவும் வரவில்லை. அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்பது அலுவலகத்தின் நிலைப்பாடு. நோரிசானின் விண்ணப்பத்தை அவருடைய கணினியே நிராகரித்தது. மாத முடிவில் மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. வட்டாரத்தில் ஒரே ஒருவரைத் தவிர அனைவரும் நலம்.

பெருநாள் நெருங்கியது. ஜொகூர் பாருவில் சுஹைலா விடுப்புக் கேட்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"இப்பதானே ஊருக்குப் போயிட்டு வந்தே?" என்றார் அந்த அம்மாள், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வருஷம் போன்லயே அப்பா முகத்தப் பாத்துக்கயேன். எல்லாரும் அப்படித்தானே பண்றோம். நான் எங்கம்மாவ நேர்ல பாத்து மூணு பெருநாள் ஆச்சு."

சுஹைலா அப்பாவுடைய அட்டையின் நகலை மேசைமேல் வைத்தாள். மேலாளர் படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். கைப்பேசி வழியாகத் தொடர்புகொள்வது தடைசெய்யப்பட்டுள்ளது. நேரில் போவதைத் தவிர வழியில்லை. அரசாங்கமே சொல்கிறது. விடுப்பில் கையெழுத்துப் போட்டார்.

சுஹைலா எழுந்தபோது, மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேசைமேல் மூன்று கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன.

"ஒங்கப்பாவுக்கு," என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், "இன்னொரு பொண்ணத் தத்து எடுத்துக்கற எண்ணம் எதாச்சும் இருக்குமா?"