‘க்வைட்’ என்று சொல்லிக் கெட்டவன்

ஹெக்ஸம்,
நவம்பர் 8, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா மைல்ட்ரெட்டுக்கு,

தம்பி கத்பர்ட் பணிவுடன் எழுதுவது. இந்த ஈரக் காற்றுக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இருமல் மருந்தைக் குடிக்கிறாரா, வழக்கம்போல் பூந்தொட்டியில் ஊற்றிவிடுகிறாரா? நான் உடம்பால் நலம். மற்றவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்கு மூச்சு முட்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது உங்களுக்குக் கம்பளி நூல் விற்றாரே ஐவி ராப்சன் அம்மையார், அவர் கணவர் இறந்த பிறகு இந்த ஆறு ஆண்டுகளாக வியாழக்கிழமைதோறும் கடை சாத்தியதும் என்னோடு தேநீர் குடிக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவில், ஒஹையோவில் இருக்கிறான். அம்மா இனி தன்னோடு வந்துவிட வேண்டும் என்கிறான். நாளை ஞாயிறு அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நேற்று முன்தினம் அம்மையார் கேக்கை வெட்டிக்கொண்டே, கத்தியைப் பார்த்தபடி, “நான் போயிட்டா உங்களுக்கு வருத்தமா இருக்குமா, மிஸ்டர் ஹெப்பிள்?” என்று கேட்டார். அக்கா, ஆறு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அது வந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? எந்த வினையடை பொருந்தும் என்று யோசித்தேன். ‘வெரி’ கடை விளம்பரத்துக்கு உரியது. ‘ஃபேர்லி’ வானிலைக்கு. ‘ப்ரிட்டி’ என்று ஒரு பெண்மணியின் முகத்துக்கு நேரே தொடங்கினால், வாக்கியம் முடிவதற்குள் வேறு அர்த்தம் வந்துவிடும். ஆகவே, “க்வைட் வருத்தமா இருக்கும்” என்றேன்.

நான் நினைத்தது ‘முழுக்க முழுக்க’ என்ற பொருளை. ஒருவன் ‘க்வைட்’ செத்துவிட்டான் என்றால் முழுக்கச் செத்தான் என்றுதானே அர்த்தம். ஆனால் வருத்தம், பசி, அழகு என்று கூடிக் குறையக்கூடியவற்றுக்கு முன்னால் அதே சொல் நின்றால், ‘ஏதோ சுமாராக’ என்று இறங்கிவிடும். நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் இதைக் கட்டம் போட்டுக் கற்பித்தவன் நான்தான். அம்மையார் கத்தியை நகர்த்தி வைத்து, என் துண்டைச் சின்னதாக வெட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை திருத்தம் சொல்லக் கடைக்குப் போனேன். இரண்டு பெண்கள் நூல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நேத்து சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். ‘ராதர்’ வருத்தமா இருக்கும்” என்றேன். க்வைட்டுக்கு ஒரு படி மேல் ராதர் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அம்மையார் நூல் சுற்றுவதை நிறுத்தாமல், “ஒரு ராத்திரியில ஒரு படி ஏறியிருக்கீங்க. நீங்க ‘வெரி’க்கு வந்து சேர்றதுக்குள்ள என் விமானம் கிளம்பிடும்” என்றார். அந்தப் பெண்கள் நூல் கண்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு டாட், வேலிக்கு மேல் தலையை நீட்டினார். “என்ன வாத்தியாரே, ஊரே சிரிக்குது? ‘போகாதீங்க’ன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“ரொம்ப வெளிப்படையாப் போயிடுமே, மிஸ்டர் டாட்.”

“பின்ன, மறைச்சு வச்சு எங்க கொண்டுபோகப் போறீங்க, கல்லறைக்கா?”

அந்தச் சூட்டில் இன்று காலை மறுபடியும் போனேன். நம் ஆங்கிலேய மேட்டுக்குடிக்காரர்கள் சொல்வார்களே, ‘பயங்கரமாக’ப் பிடிக்கும், ‘கொடூரமாக’ நன்றி என்று, அந்த வகையில் “பயங்கரமா வருத்தப்படுவேன்” என்று சொல்லத் தொடங்கினேன். குரல் பாதியில் கம்மிவிட்டது. அவர் காதில் ‘பயங்கரமா’ மட்டும்தான் விழுந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, டாக்டரை அழைத்துவிட்டார். இப்போது எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். “க்வைட் நல்லா இருக்கேன்” என்றேன். “முழுக்கவா, சுமாராவா?” என்றார் டாக்டர். அவர் என் பழைய மாணவர்.

ஆக, எல்லாம் முடிந்தது. நாளை அம்மையார் மகனிடம் வருகிறேன் என்று சொல்லிவிடுவார். அந்தக் கடை சாத்திக் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை ரயிலில் உங்களிடம் வருகிறேன். பின்பக்க அறையைத் தயார் செய்து வையுங்கள். கிறிஸ்துமஸ் வரை வாய் திறக்காமல் இருப்பேன். அத்தானுக்கு என் வணக்கம், பூந்தொட்டிக்கு என் அனுதாபம். உங்கள் முழங்காலைக் கடவுள் காக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட தம்பி,
கத்பர்ட் ஹெப்பிள்

பி.கு.: ஞாயிறு மதியம். அறையைத் தயார் செய்ய வேண்டாம். இன்று தேவாலய வாசலில் அம்மையார் என்னை நிறுத்தினார். நேற்று இரவு ஒஹையோவுக்குப் பேசியபோது மருமகள் எடுத்தாளாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். நான் சொன்னதைச் சிரிப்புக்காக அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவில்லையாம். “க்வைட் வருத்தம்னா சொன்னார்? பாவம், அத்தை! அந்த மனுஷனை அப்படியே விட்டுட்டா வரப் போறீங்க?” என்றாளாம். அவர்கள் நாட்டில் அந்தச் சொல்லுக்கு ‘மிக மிக’ என்றுதான் பொருளாம். “நீங்க எந்த ஊர் அர்த்தத்துல சொன்னீங்க, மிஸ்டர் ஹெப்பிள்? இங்க உள்ளதா, அங்க உள்ளதா?” என்று கேட்டார். பாதிரியார் முதல் டாட் வரை அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா, மாணவர் தாள்களில் அமெரிக்க ஆங்கிலத்தைக் கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு மையால் அடித்தவன் நான். “அங்க உள்ளது” என்றேன், சற்று உரக்கவே.

“அப்படின்னா நான் போகல” என்றார்.