பொறுப்பாளர் யாரு?

உதவிப் பை வாங்க வந்தவர்களின் வரிசை சமூகக்கூடத்தின் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நீண்டிருந்தது. பள்ளி வேன் ஓட்டுநருக்கு அந்த நிறுத்தம்தான் வில்லங்கம். கண் மங்கி வேலை போன நாலு மாதத்தில் வீட்டு டப்பாக்கள் எல்லாம் காலி. அதற்காக, அங்கே பஸ்ஸுக்கு நிற்கிற, தன் வேனில் வந்த பிள்ளைகளின் பெற்றோர் பார்க்க வரிசையில் நிற்பதா? பின்கதவு வழியாகப் போய் யாரிடமாவது காதோடு காதாகக் கேட்டுவிடலாம் என்று சுற்றிப் போனார்.

உள்ளே ஏப்ரன் கட்டிய ஒரு பெண் அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“வந்தீங்களா! அந்தப் பக்கம் பிடிங்க.”

“அம்மா, நான் வந்து…”

“வந்துட்டீங்கல்ல, அது போதும். பேச்செல்லாம் அப்புறம்.”

மூட்டையை இறக்கி நிமிர்வதற்குள் அவர் கழுத்திலும் ஒரு ஏப்ரன் விழுந்தது. அவள் அளந்து போட, இவர் பை கட்டினார். ஒரு மணி நேரத்தில் முதுகு கழன்றுவிடும் போலிருந்தது. பின்கதவுப் பக்கம் அவள் நின்றதால், நைசாக முன்வாசல் வழியே நழுவப் பார்த்தார். ஏப்ரனைக் கழற்ற மறந்துவிட்டார்.

“ஐயா வந்துட்டாரு! டோக்கன் குடுக்கப் போறாரு!” வரிசையே ஆரவாரித்தது.

டோக்கனுக்கு எங்கே போவது? காகிதத்தைக் கிழித்து எண் போட்டுக் கொடுத்தார். பார்வை சரியில்லாததில் ஒன்பது இரண்டு பேருக்கு விழுந்தது. இரண்டு ஒன்பதும் சட்டையைப் பிடிக்காத குறை.

“சண்டை வேணாம், ரெண்டு பேரும் முதல்ல வாங்கிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். ஒன்றிலிருந்து எட்டு வரை கொந்தளித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நலத்துறை அதிகாரி வண்டியிலிருந்து இறங்கினார்.

“இங்க பொறுப்பாளர் யாரு?”

வரிசை மொத்தமும் ஓட்டுநரைக் கை காட்டியது. அவர் தனக்கு உண்மையாகத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னார்.

“மேடம்… பை பத்தாது. இருபது பேருக்குக் குறையுது.”

“இப்பவாவது ஒருத்தர் மூடி மறைக்காம சொன்னீங்களே!” அதிகாரி போனை எடுத்தார். முக்கால் மணியில் இன்னொரு வண்டிச் சரக்கு வந்து இறங்கியது.

கடைசி ஆளும் போன பிறகு மேசைமேல் இரண்டு பைகள் மிஞ்சின. ஓட்டுநர் ஏப்ரனைக் கழற்றி மடித்தார். இனியும் அடக்க முடியவில்லை.

“அம்மா, மன்னிச்சுக்குங்க. நான் வேலை செய்ய வந்தவன் இல்லீங்க. எனக்கும் ஒரு பை கேட்கத்தான் வந்தேன்.”

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள். பிறகு பொத்தென்று நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அப்பாடா! நானும் அதுக்குத்தாங்க வந்தேன். கதவு திறந்து கிடந்துச்சு, உள்ளே ஒரு ஆள் இல்லே, ஜனங்க நிக்குதேன்னு அங்க தொங்கின ஏப்ரனைக் கட்டிக்கிட்டு மூட்டையைப் பிரிச்சுட்டேன்… நீங்க நுழைஞ்சதும்தான், ஆபீஸ்காரர் வந்துட்டாருன்னு எனக்குப் போன உயிரே திரும்பி வந்துச்சு!”