கமிங் என்றால் கோயிங்

சாமிக்குப் பயப்படுகிறவள் வேறு எதற்கும் பயப்பட வேண்டாம் என்பார்கள். சொன்னவர்கள் யாரும் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் போனதில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். மகள் யாழினியை ஒண்ணாவதில் சேர்க்க இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெற்றோரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம். வீட்டுக்காரருக்குப் பெருந்துறை கம்பெனியில் ஷிஃப்ட். (நிஜமாகவே ஷிஃப்டா என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம்.)

“ஏனுங்க, வாய் தவறி தமிழ் வந்துட்டா?” என்று முந்தின நாளே அவரிடம் கேட்டேன்.

“சீட்டு போச்சு அம்மணி.”

உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது.

பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம் என்ன கேட்டும் மகள் வாயைத் திறக்கவில்லை. பிரசாதப் பொட்டலம் மாதிரி இறுக்கி வைத்திருந்தாள்.

“டுடே ஒன்லி நோ ஸ்பீக், மேடம்,” என்றேன்.

“ஓகே. யூ மே கோ.”

சீட்டு போயிற்று. கிளம்பும்போது ‘ஐ யாம் கோயிங்’ என்று சொல்லச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் ‘போறேன்’ என்று யார் சொல்வார்கள்? எழவு வீட்டில்கூடச் சொல்லாமல்தானே கிளம்புவோம்! பிள்ளை படிப்புக்கு வந்த இடத்தில் அதை இங்கிலீஷில் சொன்னால் மட்டும் சாமிக்குப் புரியாதா?

“ஐ யாம் கமிங், மேடம்,” என்று கும்பிட்டேன்.

“கமிங்? ஓகே, சிட்.”

உட்கார்ந்தேன். மேடம் என்ன என்பதுபோலப் பார்த்தார். எழுந்தேன். “கமிங், மேடம்.”

“யெஸ், கம்! சிட்!”

மறுபடி உட்கார்ந்தேன். (தோப்புக்கரணமாகப் போட்டிருந்தால் பிள்ளையாராவது கண் திறந்திருப்பார்.) மூன்றாம் தடவை எழுந்தபோது மேடத்தின் கை மேசை மணிக்குப் போனது. செக்யூரிட்டியைக் கூப்பிடப் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

அப்போதுதான் பொட்டலம் அவிழ்ந்தது.

“மேடம், கமிங் மீன்ஸ் கோயிங்.”

“வாட்?”

“இன் அவர் ஊடு, ஆல் பீப்பிள் கமிங் சேயிங், தென் கோயிங்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அப்ப நீ போறியா, வாறியா கண்ணு?” அத்தனையும் தமிழ்!

“சீட்டு குடுத்தா வாரேனுங்க.”

கொடுத்தார்.

இப்போது அவள் பத்தாவது. வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், “அம்மணி, கமிங்!” என்று குரல் கொடுப்பார். ஒருநாள் என்னைச் சீண்டுவதற்கென்றே “கோயிங்!” என்றார். செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்த பிறகுதான் விட்டேன்.

கம்பெனி பஸ் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.