ஹாஜா பாய் வீட்டுத் தேக்சா

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைத்தான் நல்ல விலைக்கு விற்றிருக்கிறேன். அது என்னுடையது இல்லை.

நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் அரபு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். நானும் போனேன். சவூதியில் கட்டட வேலை. இரண்டு வருஷம் இருந்தேன். கடைசி ஆறு மாதம் சம்பளம் வரவில்லை. ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு கம்பளி, நாலு சென்ட் பாட்டில், பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன், இவற்றோடு ஊர் திரும்பினேன். (கஸ்டம்ஸில் கடனைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.)

விசாவுக்குப் பணம் கொடுத்தது ஹாஜா பாய். கூத்தாநல்லூரில் மரக்கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் அங்கிருந்து இரண்டு மைல். என் அப்பா காலத்திலிருந்து அவர் வீட்டுக்கு நெல் போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் கொடுத்தார். வட்டி இல்லை. அவர்கள் மார்க்கத்தில் அது கூடாது. வட்டி என்று ஒன்று இருந்தால் மாதா மாதம் அதைக் கட்டிவிட்டு நிமிர்ந்து நடக்கலாம். வட்டியில்லாக் கடனில் அந்த வசதி கிடையாது. கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவேன்.

ஒருநாள் திருப்ப இடமில்லாமல் மாட்டிக்கொண்டேன்.

"சூசை, மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. மூணு மாசத்துல நிக்காஹ். உன்னால முடிஞ்சதப் பாரு" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரவெல்லாம் யோசித்தேன். காலையில் வீட்டில் சட்டம் போட்டேன்.

மூன்று அறைக்கும் ஒரே பல்பு. எங்கே ஆள் இருக்கிறதோ அங்கே கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் கிடையாது, அடுப்புக்கு விறகு போதும். டீக்குச் சர்க்கரை கிடையாது. பிறகு டீயே கிடையாது. பஸ் கிடையாது. மகன் ஆரோக்கியத்தின் நோட்டில் எழுதிய பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். அவன் அம்மா லூர்து என்னைப் பார்த்த பார்வையில் அதை மட்டும் வாபஸ் வாங்கினேன்.

அடுத்தது விற்பனை. ஒரு வருஷமாகத் தொடாத சாமான் எல்லாம் வேண்டாத சாமான் என்று முடிவு செய்தேன். டேப் ரெக்கார்டர் போனது. சென்ட் பாட்டில் போனது. கண்ணாடி வைத்த மர பீரோ போனது. (துணியைக் கயிற்றில் போட்டோம். கயிறும் வைக்கோல் கட்ட வாங்கியதுதான்.) கம்பளியைப் பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"நம்மூருக்குக் கம்பளி எதுக்குடா? வெயிலுக்குப் போத்திக்கவா?"

"வெளிநாட்டுச் சாமான் அண்ணே."

"அங்க மட்டும் என்ன, பனியா பெஞ்சுச்சு?"

அவர் கேட்டது நியாயம். கால் விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை அவர் கன்றுக்குட்டிக்குப் போர்த்தினார். தினமும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போக வேண்டும்.

இரண்டு மாதம் போனது. பட்டுக்கோட்டையில் லூர்துவின் தங்கைக்குப் பிரசவம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பத்து நாளைக்குப் போனாள். (என் சிக்கனம் தாங்காமல்தான் போனாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை.)

நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கணக்குப் பார்த்தேன். நெல் விற்றது, சாமான் விற்றது, மிச்சம் பிடித்தது எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் குறைந்தது. வீட்டைச் சுற்றி வந்தேன். விற்க இனி சுவர்தான் பாக்கி. மாட்டுக்கொட்டிலில் விறகை எடுத்துப் போட்டுத் தேடினேன்.

விறகுக்கு அடியில் ஒரு தேக்சா கவிழ்ந்து கிடந்தது. விருந்துக்குப் பிரியாணி ஆக்குவார்களே, அந்தச் செம்புச் சட்டி. இருபத்தைந்து படி அரிசி வேகும். வெளியே கரி, உள்ளே ஈயம் பூசியது. இவ்வளவு பெரிய சொத்து வீட்டில் இருப்பது எனக்கே தெரியாது. அப்பா காலத்துச் சாமான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்பா கஞ்சி குடித்து வளர்ந்த மனுஷர். இருபத்தைந்து படிச் சட்டி அவருக்கு எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தேவைப்படும்போது கிடைக்கிற பொருளை யாருடையது என்று கேட்கத் தோன்றாது.

வைக்கோல் ஏற்றிப்போன டயர் வண்டியில் போட்டு மன்னார்குடிக்குக் கொண்டுபோனேன். பழைய பாத்திரக் கடைக்காரர் எடை போட்டார். இருபத்தெட்டு கிலோ. கிலோ எழுபத்தைந்து. இரண்டாயிரத்து நூறு ரூபாயை எண்ணி வாங்கியபோது அவர் கேட்டார்.

"பரம்பரைச் சாமான் மாதிரி இருக்கு. வீட்டுல கேட்டுட்டீங்களா?"

"வீட்டுல நான் சொல்றதுதாங்க" என்றேன். (அப்போது வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். அந்த வகையில் அது பொய் இல்லை.)

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, பன்னிரண்டாயிரத்தையும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மரக்கடைக்கு எடுத்துப்போனேன். அன்றைக்கு மாதிரி நான் நிமிர்ந்து சைக்கிள் ஓட்டியதில்லை. பாய் எண்ணிப் பார்க்கவில்லை. மேஜை டிராயரில் வைத்தார். டீ வரவழைத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு சர்க்கரை போட்ட டீ. பாதி குடித்திருப்பேன்.

"ஞாயித்துக்கிழமை நிக்காஹ். குடும்பத்தோட வந்துடணும். அப்புறம் சூசை, சனிக்கிழமை காலையில வண்டி அனுப்புறேன். அந்தத் தேக்சாவ ஏத்தி விட்டுடு."

"எந்தத் தேக்சா பாய்?"

"நம்ம தேக்சாதான். நீ சவூதியில இருக்கப்ப உன் பையன் மாதா கோயில்ல புதுநன்மை எடுத்த விருந்துக்கு உன் வீட்ல வாங்கிட்டுப் போனாங்களே. அப்ப எங்க வீட்ட இடிச்சுக் கட்டிக்கிட்டிருந்தோம். கெடக்கட்டும், கல்யாணத்துக்கு எடுத்துக்கிறோம்னு நான்தான் சொன்னேன். எங்க அத்தா மலேயாவுலேருந்து வந்து வாங்குனது. என் கல்யாணத்துக்கு ஆக்குனதும் அதுலதான்."

மீதி டீயை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஏன், உக்காரேன். அவசரமா?"

"கொஞ்சம் அவசரம்தாங்க" என்றேன்.

மன்னார்குடிக்கு எட்டு மைல் மிதித்தேன். தேக்சா கடை வாசலிலேயே இருந்தது. கரியைத் தேய்த்து எடுத்து, அடியில் வெள்ளைப் பெயின்டில் '28 கிலோ' என்று எழுதியிருந்தார்கள்.

"இத நான் திரும்ப எடுத்துக்கிறேங்க."

"வித்தது பழைய செம்பு. இப்ப நிக்கிறது பாத்திரம்" என்றார் கடைக்காரர். "மூவாயிரத்து இருநூறு. திருவாரூர் சமையல்காரர் ஒருத்தர் பாத்துட்டுப் போயிருக்காரு. காலையில பணத்தோட வர்றேன்னாரு."

"மூணு நாள்ல ஆயிரம் ரூபா ஏறுமாங்க?"

"வீட்டுல நீங்க சொல்றதுதான்னீங்க. கடையில நான் சொல்றதுதான்."

பேசிப் பேசி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இறங்கினார். சாயங்காலம் கடை அடைக்கும்வரை வைத்திருப்பதாகச் சொன்னார். என் சட்டைப் பையில் பதினாலு ரூபாய் இருந்தது. ஊரில் யாரிடம் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். அந்தோணி அண்ணனிடம் இராது. மற்றவர்களிடம் கேட்டால் நூற்றுக்கு ஐந்து வட்டி. எந்தப் பக்கம் யோசித்தாலும் மூவாயிரம் ரூபாயை உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அந்தப் பணம் அவர் டிராயரில் இருப்பதும் எனக்குத் தெரியும். நான்தான் கொடுத்தேன்.

மறுபடியும் மரக்கடைப் படியேறினேன்.

"பாய், ஒரு மூவாயிரம் கைமாத்தா வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காலையிலதான கடன அடைச்ச?"

"ஆமாங்க."

"என்ன செலவு?"

"ஒரு சாமான மீக்கணும்."

"அடகா?"

"அடகு மாதிரிதான் பாய்."

டிராயரைத் திறந்தார். என் ரப்பர் பேண்டைக் கழற்றினார். மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கிற மனுஷன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எண்ணிக் கையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். திட்டாததால் வாய் வரவில்லை.

இருட்டுவதற்குள் தேக்சா கொட்டிலுக்கு வந்துவிட்டது. மறுநாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். சட்டி பளபளத்தது. அடியில் இருந்த எழுத்தும் பளபளத்தது. பெயின்ட் போக மண்ணெண்ணெய் வேண்டும். என் சட்டப்படி வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை. செங்கல்லை வைத்துத் தேய்த்ததில் 'கிலோ' போனது. இருபத்தெட்டு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை லூர்து வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"தேக்சாவ யாரு தேச்சா?"

"நான்தான்."

"நீங்களா?" என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

சொன்னேன். அவள் விறகு மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"லெட்டர்ல எழுதியிருந்தேனே. பாய் வீட்டுத் தேக்சா நம்ம கொட்டில்ல இருக்குன்னு."

"அந்த இடம் படிக்கல."

"எந்த இடந்தான் படிச்சீங்க?"

பணம் வந்து சேர்ந்ததா என்கிற இடத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் படிப்போம். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் பையை இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள். "சர்க்கரைய நிறுத்துனீங்க. பல்ப கழட்டுனீங்க. புள்ள நோட்டுல கை வெச்சீங்க. உங்க பீடிய நிறுத்துனீங்களா?"

அப்போது என் வாயில் பீடி இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. சட்டம் போட்ட அன்று அது என் நினைவுக்கே வரவில்லை. கூட்டிப் பார்த்தால் தேக்சாவைத் தொட்டிருக்கவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பளி மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பாய் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள். பண்டாரி, அதாவது அங்கே சமைக்க வந்தவர், தேக்சாவைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்தார். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம் போல.

"பாய், இதென்ன இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கு? யாரு நம்பர் போட்டது?"

பாய் குனிந்து பார்த்தார். அவர் மச்சான்மார்கள் பார்த்தார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். லூர்து என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

"அது எடைங்க" என்றேன். "மன்னார்குடியில போட்டது."

எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். முடித்ததும் விரலை மடக்கினார்.

"அப்ப என் சட்டிய வித்து என் கடன அடைச்சிருக்க."

"ஆமாங்க."

"அப்புறம் என் காச வாங்கி என் சட்டிய மீட்டிருக்க."

"ஆமாங்க."

"இதுல உன் காசு எங்க சூசை இருக்கு?"

"வண்டி வாடகை என்னுதுங்க" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் மச்சான்மார்கள் சிரித்தார்கள். வெங்காயம் உரித்தவர்கள் ஏற்கனவே அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

பாய் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஓடிப் போகாம கொண்டாந்து சேத்தியே, அது போதும்" என்றார், மெதுவாக. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தத் தேக்சா அடுப்புலேருந்து இறங்குறவரைக்கும் சூசை பக்கத்துலேருந்து எந்திரிக்கக் கூடாது. இனிமே இது எங்க போனாலும் இவன்தான் கூடப் போவான், இவன்தான் கொண்டாருவான்."

அன்றைக்கு மதியம்வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். கண் எரிந்தது. புகை ஒரு காரணம்.

அந்த மூவாயிரத்தை அடைக்க ஒரு வருஷமானது. எதையும் விற்கவில்லை. பீடியை விட்டேன், அறுப்புக்குப் போனேன். டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டோம். கடைசித் தவணை கொடுத்த அன்று பாய் முதல் தடவையாகப் பணத்தை எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கொண்டே, "உன் வீட்டுல வேற எங்க சாமான் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

அவர் சொன்ன தண்டனை மட்டும் தீரவில்லை. கூத்தாநல்லூரில் அவர் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் தேக்சாவோடு நான் போவேன். முத்துப்பேட்டைவரை லாரியில் போயிருக்கிறேன். அடுப்பிலிருந்து இறங்கியதும் முதல் தட்டு எனக்கு. வீட்டுக்குப் பத்திரிகை வந்தால் லூர்து உறையைப் பிரிக்காமலே கேட்பாள்: "கூப்பிட்டிருக்கிறது உங்களையா, தேக்சாவையா?" மருமகள் வந்து அவளும் கேட்கிறாள்.

பாய் காலமாகி ஆறு வருஷமாகிறது. இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். போன மாதம் அவர் பேத்திக்குக் கல்யாணம். பாயின் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து, நேரில் பத்திரிகை வைத்தார். உறை மேல் பேனாவால் எழுதியிருந்தது: 'சூசை அண்ணன், தேக்சாவுடன்.'

இரண்டு தடவை படித்தேன். என் பெயர்தான் முதலில் இருந்தது.