கெடையாது பாயும் சர்க்கரை மாத்திரையும்

வருகிற வியாபாரத்தை விரட்டுவதற்கென்றே கடை திறந்து வைத்திருப்பவர் தண்டையார்பேட்டையில் ஒருவர்தான் உண்டு. மருந்துக்கடை கெடையாது பாய். டாக்டர் சீட்டு இல்லாமல் எது கேட்டாலும் "கெடையாது" என்பார். தூக்க மாத்திரை கேட்ட போலீஸ்காரரையே, "மொதல்ல டீய கொற சார்" என்று திருப்பி அனுப்பியவர்.

போன வருடம் எங்கள் பக்கத்துப் போன்களில் ஒரு செய்தி சுற்றியது. சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் ஓடிவிடுமாம். மறுநாள் பாய் கடைமுன் ரேஷன் கடைக் கூட்டம்.

"இன்னா நைனா, சுகர் கீதா உனுக்கு?"

"இல்ல பாய். கேன்சரு வராம இருக்கத்தான்."

"அப்ப பிரசவ வலி வராம இருக்கவும் ஒண்ணு தரவா? போ நைனா, போ!"

கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்ற கடைசி ஆள் நான். என் மனைவி செல்விக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்திருந்தது. மூன்றாவதற்கு வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மாத்திரையிலேயே தீர்ந்துவிடாதா என்றிருந்தது எனக்கு.

"எனக்குத்தான் சுகர், பாய்."

பாய் என் முகத்தையே பார்த்தார். "யாருக்கு?" என்றார் மெதுவாக. சொல்லிவிட்டேன்.

"மாத்திரை கெடையாது. வா, டாக்டராண்ட கேப்போம்."

மூன்றாவது கீமோ அன்று கடையை மூடிவிட்டு ஆட்டோவோடு வந்து நின்றார். "டாக்டராண்ட எனுக்கு வேல கீதும்மா. நீ கூட வந்தாதான் உள்ள வுடுவாங்கோ" என்று செல்வியிடம் கெஞ்சினார். பாவம் பார்த்துக் கிளம்பினாள்.

மருந்துப் பெட்டி அட்டையின் பின்பக்கம் முழுக்கக் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "சுகர் இல்லாதவங்க துன்னா இன்னா ஆவும்? கிட்னி தாங்குமா? கீமோவோட சண்ட போடுமா?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "லேப்ல நம்பிக்கையாத்தான் தெரியுது. மனுஷங்களுக்குக் கேக்குதான்னு இன்னும் உறுதியாகல, ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. இத நம்பி கீமோவ மட்டும் நிறுத்திடாதீங்க."

"கேட்டுக்கினியாம்மா?" என்றார் பாய். செல்வி பல நாள் கழித்துச் சிரித்தாள். ஊசி போடும் அறைக்குத் தானாகவே எழுந்து நடந்தாள். எல்லாக் கீமோவும் முடிந்து, இப்போது செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறோம்.

அன்று பாய் அட்டையைப் பார்த்து அடுத்த கேள்விக்குத் தயாரானபோது டாக்டரம்மா பேனாவை மூடினார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

பாய் யோசிக்கவே இல்லை. "அண்ணன்."

செல்விக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் நாலு பேர். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் இவர் ஒருவர்தான்.