நாலாவது பொன்னாடை

விலகுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. சங்கம், சபை, கழகம் என்று எதன் தலைமேசைக்குப் பின்னாலும் இந்த இனத்தைக் காணலாம். விலகிப் போய்விட்டவரை இதற்குள் சேர்த்துவிடாதீர்கள்; போனவர் வேறு இனம். இவர் ஒவ்வொரு வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கும் சட்டைப்பையில் மடித்த கடிதத்தோடு வருவார்; உடல்நிலை என்பார், வயது என்பார், இளையவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்துக்கொண்டே முதல் மறுப்புக் குரல் எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று காதைத் தீட்டி வைத்திருப்பார். குரல் வரும். வராமல் எங்கே போகிறது? "நீங்கள் விட்டால் வேறை ஆர்?" என்று ஒருவர் எழும்புவார், அவருக்குப் பின்னால் நாலுபேர் தலையாட்டுவார்கள், கடிதம் பழைய மடிப்பிலேயே மடிந்து பைக்குள் திரும்பிப் போகும். அடுத்த வருடம் திகதியை மட்டும் மாற்றினால் போதும்.

இந்த இனத்தில் தேர்ந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால், உடுப்பிட்டிக்கும் கரவெட்டிக்கும் இடையில் உள்ள ஒரு சனசமூக நிலையத்துக்கு வாருங்கள். பத்தொன்பது வருடத் தலைவர் பரமலிங்கம் மாஸ்டர். உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இதுவரை பதினெட்டுத் தடவை விலகியிருக்கிறார். பதினெட்டுத் தடவையும் முதலில் எழும்பி மறித்தவர் ஒரே ஆள்: பழைய கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் சண்முகநாதன். மாஸ்டர் சொன்னால் அதில் பிழை இருக்காது என்று நம்புகிற மனிதர். விலகுகிறேன் என்று மாஸ்டர் சொன்னதை மட்டும் அவர் நம்பியதில்லை.

மாஸ்டருக்குப் பதவி ஆசை என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அவருக்குப் பயம். ஓய்வு பெற்ற முதல் வருடம் அவர் வீட்டில் இருந்தார், வெறுமனே இருந்தார். வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் எழும்பிப் பார்ப்பார், பார்த்தால் மாடு. முப்பது வருடம் 'சேர், சேர்' என்று சுற்றிநின்ற உலகம் ஒரே மாதத்தில் கலைந்துபோயிற்று. பிறகுதான் நிலையத்துக்காரர் வந்து தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். அன்றிலிருந்து கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரை, செத்தவீட்டில் இரங்கலுரை, முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் கொடியேற்றம். அந்த ஒரு வருடம் மட்டும் திரும்பி வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அவர் ஆண்டுதோறும் விலகினார். மற்றவர்கள் தன்னைப் பிடித்து நிறுத்துகிறார்களா என்று பார்க்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் மாஸ்டருக்கு எழுபத்தைந்து. நிர்வாகசபையைச் சேர்ந்த குகதாசன் ஒரு பின்னேரம் வந்து, படலையடியில் நின்றே விஷயத்தைச் சொன்னான்.

"கூட்டத்திலை உங்களுக்கு ஒரு பொன்னாடை போடுவம் எண்டு கதைச்சனாங்கள், சேர்."

"எனக்கு ஏன் தம்பி உதெல்லாம்," என்றார் மாஸ்டர். ஒரு மூச்சு விட்டார். "நிலையம் மட்டும் போட்டால் மாதர் சங்கம் குறை நினைக்குமெல்லே? கமக்காரர் அமைப்பும் இருக்கு. விளையாட்டுக் கழகத்தை விட்டாப் பொடியளுக்கு மனம் நோகும். எனக்காக இல்லை, ஊர் ஒற்றுமைக்காகச் சொல்லுறன்."

ஆக, ஊர் ஒற்றுமைக்காக நாலு பொன்னாடை.

கூட்டத்துக்குப் போகிற காலையில் மனைவி நல்லம்மா சட்டையை நீட்டும்போது பையைத் தடவிப் பார்த்தாள். கடிதம் இருந்தது.

"இஞ்சாருங்கோ, இந்தமுறை உந்தக் கடிதத்தைக் குடாதேங்கோ. ஒரு நாளைக்கு எடுத்துப் போடுவினம்."

"எடுக்கமாட்டினம். சண்முகநாதன் இருக்கிறார்."

நிலையம் நிரம்பியிருந்தது. நாலு அமைப்பும் வரிசையாக வந்து போர்த்தின. பட்டு, சரிகை, அதன்மேல் பட்டு, அதன்மேல் சரிகை. வைகாசி வெய்யிலில் மாஸ்டரின் முகம் மட்டும்தான் வெளியில் தெரிந்தது. அப்படியே எழும்பி வழமையான தலைவர் சிறப்புரைக்கு ஒலிவாங்கியைப் பிடித்தார். உடம்பிலுள்ள உயிர்க்கலம் தன்னுடைய புரதங்களைத் தானே உடைத்து மீளப் பயன்படுத்துவது பற்றி அவர் பேச எடுத்திருந்தார். ஏன் அதை எடுத்தார்? தெரிந்த பாடம், நன்றாக வரும், கைதட்டும் கிடைக்கும். அவ்வளவுதான். உள்நோக்கம் ஏதும் இல்லை என்று சத்தியம் செய்யலாம்.

"பழுதான புரதத்தை மட்டும்தான் கலம் உடைக்குது எண்டு நினையாதேங்கோ," என்று தொடங்கினார். "நல்லா வேலை செய்த புரதத்தையும் உடைக்கும். வேலை முடிஞ்சால் போகத்தான் வேணும். சைக்கிளின் எண்டு ஒண்டிருக்கு. கலம் இரண்டாப் பிரியிறதுக்கு அது வேணும். ஆனால் பிரிஞ்சு முடியிறதுக்கு அது போகவும் வேணும். போகமாட்டன் எண்டு நிண்டால் கலம் பாதி வழியிலை அப்பிடியே நிண்டுபோகும்."

முன்வரிசையில் சண்முகநாதன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் உதயகலா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். அவள் மாஸ்டரிடம் படித்து, இப்போது தானும் உயிரியல் படிப்பிக்கிறவள். இந்தப் பாடம் எங்கே போய் நிற்கும் என்று அந்த மண்டபத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"சரி, எப்பிடி அனுப்பிறது? யுபிகுயிட்டின் எண்டொரு சின்னப் புரதம் இருக்கு. அதைக் கொண்டுவந்து, போகவேண்டிய ஆளுக்கு மேலை போர்த்தும்."

புத்தகத்தில் 'இணைக்கும்' என்றுதான் இருக்கிறது. முப்பது வருடமும் மாஸ்டர் 'இணைக்கும்' என்றுதான் படிப்பித்தார். அன்று தோளில் கிடந்த பட்டுச் சூட்டிலோ என்னவோ, வாயில் 'போர்த்தும்' என்று வந்துவிட்டது.

"ஒண்டு போர்த்தினால் ஆளுக்கு ஒண்டும் ஆகாது. ஒண்டோடை ஒண்டாத் தொடுத்து நாலு விழுந்திட்டுதெண்டால்," என்று சொல்லிச் சரிந்துவந்த மேல்சால்வையை இழுத்துவிட்டார், "முடிஞ்சுது. நேரை புரோட்டியசோமுக்குத்தான். அது வெட்டுற மெசின் மாதிரி. சிறு சிறு துண்டா வெட்டிப்போடும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். சிரிப்பு ஒரு வாங்கில் இருந்தவர்களிடமிருந்து அடுத்த வாங்குக்கு நகர்ந்தது. மாஸ்டருக்கு உற்சாகம் பிறந்தது. சனத்துக்கு அறிவியல் இப்படிப் பிடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவேயில்லை.

"வெட்டிப்போட்டு வெளியிலை எறியிறதில்லை. அந்தத் துண்டெல்லாம் அமினோ அமிலமா வரும், அதை வைச்சுப் புதுப் புரதம் கட்டும். போர்த்தின யுபிகுயிட்டினும் வீண்போகாது. பத்திரமாக் கழட்டி எடுத்து அடுத்த ஆளுக்குப் போர்த்தும்."

மண்டபம் குலுங்கியது. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு கைதட்டு அவருக்குக் கிடைத்ததில்லை. அந்தக் கைதட்டு அடங்குமுன், சரியான தருணம் இதுதான் என்று முடிவு செய்து, நாலு பொன்னாடைக்குள்ளும் கையை விட்டுச் சட்டைப்பையைத் தேடிக் கடிதத்தை எடுத்து, "இனி என்னாலை ஏலாது" என்ற வரியில் தொண்டையைக் கம்ம வைத்து வாசித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சண்முகநாதன் எழும்பினார். மாஸ்டர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"எங்களை மன்னிக்கோணும் மாஸ்டர்," என்றார் சண்முகநாதன். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "பதினெட்டு வருசமா நீங்கள் போறன் போறன் எண்டு சொல்ல, நான்தான் விடாமப் பிடிச்சு வைச்சிருந்தனான். அது எவ்வளவு பெரிய பிழை எண்டு இண்டைக்கு நீங்களே விளங்கப்படுத்திப் போட்டீங்கள். இனியும் உங்களை மறிச்சால் நாங்கள் மனுசரில்லை. கடிதத்தை ஏத்துக்கொள்ளுறதா நான் முன்மொழியிறன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். என்னத்தைச் சொல்வது? சைக்கிளின் விஷயத்தில் விதிவிலக்கு உண்டு என்பதா? நாலென்று சொன்னது ஐந்து என்பதா? குகதாசன் வழிமொழிந்தான். கைகள் உயர்ந்தன. தலைவர் என்ற முறையில், "ஏகமனதாக" என்று அறிவிக்க வேண்டியவர் அவரேதான். அறிவித்தார். அடுத்த தலைவர் உதயகலா என்பதையும் அவரே அறிவித்தார்.

வீட்டில் நல்லம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், பொன்னாடைகளை வாங்கி மடித்து வைத்தாள். 'நான் அப்பவே சொன்னனான்' என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம். நாலு நாளாகப் படலை திறக்கவில்லை. மாடுகூட வரவில்லை.

ஐந்தாம் நாள் குகதாசன் வந்தான். மாஸ்டர் அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

"சேர், அந்தப் பொன்னாடையள் வேணும். ஞாயிற்றுக்கிழமை நோர்வேயிலை இருந்து வந்த ஆளுக்குப் போர்க்கோணும். நீங்கள்தானே சொன்னீங்கள், கழட்டி எடுத்து..."

"ஓம், ஓம். சொன்னனான்," என்று மாஸ்டர் நாலையும் கொடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் உதயகலா வந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"சேர், புரதம் உடையிறதை என்ரை பிள்ளையளுக்கு மூண்டு நாள் படிப்பிச்சுப் பாத்திட்டன், ஏறுதில்லை. நீங்கள் இருவது நிமிசத்திலை சண்முகநாதன் ஐயாவுக்கே விளங்கப்படுத்திப் போட்டீங்கள். சனிக்கிழமை காலமையிலை நிலையத்துக்கு வந்து அதுகளுக்குப் படிப்பியுங்கோ."

"தலைவரின்ரை கட்டளையோ?" என்று மாஸ்டர் குத்தினார்.

"ஓம் சேர்," என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல்.

போனார். இருபத்திரண்டு பிள்ளைகள். தலைமேசை இல்லை, ஒலிவாங்கி இல்லை; ஒரு கரும்பலகை, வெண்கட்டி, இடையிடையே "சேர், திருப்பிச் சொல்லுங்கோ" என்கிற குரல்கள். இரண்டாம் கிழமை புலோலியிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் கிழமை வாங்கு போதவில்லை. மாஸ்டருக்குச் சந்தோஷம், தலைவராக இருந்த காலத்தில் இல்லாத சந்தோஷம். இதை மறைப்பானேன்?

நாலாம் கிழமை, வகுப்பு முடிகிற நேரம், மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். தொண்டை கம்மியது.

"பிள்ளையள், எனக்கும் வயசு போட்டுது. இந்த வகுப்பிலை இருந்து நான் இனி..."

பக்கத்து மேசையில் இருந்த உதயகலா கூட்டக் குறிப்புப் புத்தகத்தை மெல்ல விரித்தாள். பேனையின் மூடியைக் கழற்றினாள்.

"...இனிச் சத்தமாக் கதைக்க ஏலாது, பின்வாங்கிலை இருக்கிறவை முன்னுக்கு வாங்கோ எண்டு சொல்ல வந்தனான்," என்று மாஸ்டர் முடித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத்தான் சங்கமும் இல்லை, பதவியும் இல்லை, விலகுவதற்கு ஒரு கதிரைகூட இல்லை. நல்லது. போன கிழமை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்து, "இனி இந்த வீட்டு விஷயம் ஒண்டிலையும் நான் தலையிடமாட்டன்" என்று சொன்னீர்களே, சொல்லிவிட்டுக் குசினி வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? உள்ளேயிருந்து யாரும் மறுத்துச் சொல்லவில்லை, அல்லவா?