காற்றுக்கு அனுமதி

தொழிலாளியின் மூச்சுக்காற்றின் மேல் திம்புள்ளப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்ட நிர்வாகம் காட்டிய அக்கறையை, பெற்ற தாயும் பிள்ளை மேல் காட்டியிருக்கமாட்டாள். கேஸ் அடுப்பைப் ‘பாதுகாப்பாக’ப் பாவிப்பது எப்படி என்று விளக்க, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெரிய கூட்டமே நடந்தது.

“சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்” என்று வாசித்தார் நலன்புரி அதிகாரி மதுரன். எல்லாரும் கை தட்டினார்கள். பூரணிக்கு மட்டும் கை எழவில்லை. அவளுடைய கைக்குழந்தை அடுப்புக்குப் பக்கத்தில்தான் பாயில் தூங்கும்.

“ஐயா, எங்க காம்பராவுல ஜன்னலே இல்லீங்களே.”

“அதாவது, எப்பவும் மூடியே கிடக்குன்னு சொல்றீங்க.”

“மூடுறதுக்கும் ஒண்ணு வேணுங்களே.”

“சரி, எழுதிக் கேட்போம்.”

லயம் என்னும் அந்த வரிசை வீடுகளின் சுவரில் ஆணி அடிக்கவும் தோட்டத் துரையின் அனுமதி வேண்டும். முன்சுவரில் ஜன்னல் வைத்தால் ரோட்டில் போகும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சி கெடும் என்பதால், துரை பெருந்தன்மையோடு பின்சுவரை அனுமதித்தார். அது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்பது அவ்வளவு பெரிய மனசுக்கு நினைவிருக்குமா?

சுவரை உடைத்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டு இசபெல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வா பூரணி, தேத்தண்ணி குடிக்கிறியா?” என்றாள்.

மதுரன் எட்டிப் பார்த்து, “காற்றோட்டம் உண்டு” என்று குறித்துக்கொண்டார்.

“இது எங்க வீட்டுக் காத்துங்க ஐயா” என்றாள் இசபெல்.

“காத்துக்கு ஏது அம்மா வீடு?”

பனி மூடிய ஒரு காலையில், குழந்தையைத் தூங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பூரணி பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். சோறு பொங்கி அடுப்பை அணைத்தது. கேஸ் மட்டும் அணையவில்லை. தன் அடுப்பைப் பற்றவைக்க நெருப்புக்குச்சியை எடுத்த இசபெலுக்கு வாடை அடித்தது. குச்சியைக் கீழே வைத்தாள். லயத்தைச் சுற்றி ஓட நேரமில்லை. கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே தன் கனத்த உடம்பை ஜன்னலுக்குள் திணித்து, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்து, ரெகுலேட்டரை மூடினாள். குழந்தையை வாரிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் குடத்தோடு பூரணி.

“உள்ள வராத. லைட்டத் தொடாத. புள்ளைய வாங்கு மொதல்ல.”

இசபெலின் முழங்காலில் ரத்தம் வழிந்ததைக் குழந்தை அழுது ஓய்ந்த பிறகுதான் பூரணி பார்த்தாள்.

மறுநாள் மதுரன் ஒரு மாலையோடு வந்தார். உயிர் காத்த ஜன்னலுக்கு மாலை போட்டுப் படம் பிடித்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க அம்மா, ஜன்னல் மறையுது” என்றார் இசபெலிடம். பிறகு பூரணியின் பக்கம் திரும்பினார். “இனிப் பயமில்லையே?”

“இல்லீங்க ஐயா, இசபெல் அக்கா வீட்டுல இருக்கிற வரைக்கும். ஞாயித்துக்கிழம அவங்க கோயிலுக்குப் போயிருவாங்க. அன்னைக்கு மட்டும் தொரைய வந்து அந்தப் பக்கம் நின்னு மோந்து பாக்கச் சொல்லுங்க.”